சோத்தாங்கை

அத்தியாயம் 5

உஸ்மான் சாலையில் ராஜரத்தினத்தின் ஜவுளிக்கடை வாசலில் கண்ணாடித் துண்டுகளை இன்னும் பெருக்கி முடிக்கவில்லை. காட்சிப் பெட்டிக்குள் நின்ற பெண் பொம்மை, கட்டியிருந்த பட்டுப் புடவை கசங்காமல், மூக்கு மட்டும் பெயர்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. காலடியில் அரைச் செங்கல்.

"பொம்மை மேலயே ஃபவுல் பண்ணிட்டானுங்க மேடம். ரெண்டு ஃப்ரீ த்ரோ குடுக்கணும்," என்றான் அன்வர் பாஷா.

ஸ்வர்ணலதா படியேறினாள். போலீஸ் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்து, மேலதிகாரி ஒருவரோடு ஒத்துப்போகாமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மேற்கு மாம்பலத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்க்கிற பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. அன்வர் அவளுடைய உதவியாளன். ஐஸ் ஹவுஸில் பிறந்து வளர்ந்தவன். வாயை மூடினால் மூச்சு நின்றுவிடும் என்று நம்புகிறவன்.

நான்கு நாட்களுக்கு முன், காலையில் பயிற்சிக்குக் கிளம்பிப் போன சித்தார்த்தனைக் கோட்டூர்புரம் பாலத்தருகே ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் மறித்தார்கள். இரும்புக் கம்பியால் அவன் வலது மணிக்கட்டை நொறுக்கிவிட்டுப் பைக்கில் பறந்துவிட்டார்கள். சூறாவளி கூடைப்பந்து அணியின் நட்சத்திரம் அவன். அணியின் உரிமையாளர் ராஜரத்தினம். ஆள் வைத்து அடித்தது அவர்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. செங்கல் அந்தத் தீர்ப்பின் நகல்.

மூன்றாவது மாடியில், புதுத் துணி வாசம் அடிக்கிற சின்ன அறையில், அவளை வரச் சொல்லியிருந்த ராஜரத்தினம் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருச்செந்தூர் விபூதி. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"நான் செய்யலம்மா," என்றார், அவள் உட்காருவதற்கு முன்பே. "அவன் பந்தைத் தூக்கிட்டு ஓடுத நாள்ல இருந்து பாத்துட்டு வாரேன். அவன் கையை நான் ஒடிப்பனா?"

"உங்களுக்கு லாபம் இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே."

"இருக்கு. அதான் வினையாப் போச்சு." அவர் பெருமூச்சு விட்டார். "சாலரி கேப்புன்னு லீக்ல ஒரு சட்டம் வச்சிருக்கானுவ. டீம்ல பன்னெண்டு பேரு. அம்புட்டுப் பேரு சம்பளமும் சேந்து ஒரு கோட்டைத் தாண்டப்படாது. பணக்கார முதலாளி நல்ல ஆட்டக்காரனையெல்லாம் மொத்தமா வளைச்சுப் போடக் கூடாதுல்லா, அதுக்கு."

"அளவுச் சாப்பாடு மாதிரி," என்றான் அன்வர். "காசு எவ்ளோ இருந்தாலும் ஒரு கரண்டி கூட்டுதான்."

"ஜவுளிக்காரன் பாஷையில சொன்னா, இருக்கிற துணி இவ்வளவுதான். ஒருத்தனுக்கு ஜிப்பா தைச்சா இன்னொருத்தனுக்குக் கைக்குட்டைதான் மிஞ்சும். சித்தார்த்தன் ஒப்பந்தம் இந்த மாசக் கடைசியோட முடியுது. அதுக்கப்புறம் அவன் ஃப்ரீ ஏஜென்ட். எந்த ஊர் டீமுக்கும் போலாம். கோயம்புத்தூர் கூப்பிட்டுது, கொச்சி கூப்பிட்டுது. எனக்கு விட மனசில்ல. அவனுக்குச் சம்பளத்தைக் கூட்டணும்னா இன்னொருத்தனைக் கழட்டணும். நம்ம கேப்டன் வெங்கடேஷை விடுவிக்கிறதா முடிவு பண்ணி, அன்னைக்குக் காலையில கையெழுத்துப் போட உக்காந்தேன். அப்பதான் இந்தச் சேதி வந்துது."

"அடிபட்டதால உங்களுக்கு என்ன மிச்சம்?"

"ஒப்பந்தம் முடியுததுக்குள்ள அடிபட்டா, லீக்கோட இன்சூரன்ஸ் அவனுக்கு இன்னும் ஒரு வருசம் முழுச் சம்பளம் கொடுக்கும். அது கேப்புக் கணக்குல சேராது. அவன் இடம் எனக்குக் காலியாயிரும். இதைச் சொல்லித்தான் கல்லெறியுதானுவ."

அன்வர் தன் செல்போனை நீட்டினான். "மேடம், இத்த பாருங்க. ‘ஆறாவது ஆள்’னு ஒரு பக்கம். எந்த பிளேயர் எங்க போறான், எவனை எவனுக்கு மாத்தப் போறாங்கன்னு வதந்தி போடறதே இவன் வேலை. சித்து அடிபட்டதை மொதல்ல போட்டவன் இவன்தான். காலையில ஆறு நாலுக்கே எழுந்து தப்பா எழுதிகீறான்."

அவள் படித்தாள். ‘சித்து மீது கொடூரத் தாக்குதல். ஷூட்டிங் கையான வலது கை முறிந்தது. இனி திரும்புவது சந்தேகம்.’

"இதுல என்ன தப்பு?"

"சித்து பீச்சாங்கை ஆட்டக்காரன் மேடம். அவன் கூடைல போடறது இடது கையாலதான். ஊருக்கே தெரியும். பீச்சாங்கைக்காரனோட சோத்தாங்கையை உடைச்சுட்டு, ஷூட்டிங் கை போச்சுன்னு எழுதறான். அடிச்சவனும் முட்டாள், எழுதினவனும் முட்டாள்."

"ஆட்டமே தெரியாத எவனோ அடிச்சிருக்கான்னுதான் சொல்லுதாங்க," என்றார் ராஜரத்தினம் கசப்போடு. "ஆட்டம் தெரியாத ஜவுளிக்காரன் ஏவிவிட்ட ஆளாம்."

ஸ்வர்ணலதா அந்தப் பதிவை இன்னொரு முறை படித்துவிட்டு எழுந்தாள்.

அடையாறு மருத்துவமனையில் சித்தார்த்தன் இருந்த அறையில் ஒரே ஒரு ஜன்னல். அவன் கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முழங்கையிலிருந்து விரல்கள்வரை வலது கையில் மாவுக்கட்டு. நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. அவன் மனைவி தமிழ்நிலா கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். இருவருமே அடையாற்றங்கரைக் குடிசைகளில் பிறந்தவர்கள். அந்தக் குடிசைகளை இடித்துச் சொந்தபந்தங்களையெல்லாம் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தார்த்தன் மட்டும் பந்து சம்பாதித்துக் கொடுத்த காசில், அதே ஆற்றைப் பார்த்தபடி கோட்டூர்புரத்தில் வீடெடுத்துத் தங்கியிருந்தான்.

"டாக்டர் இன்னா சொல்றாரு தெரியுமா?" என்றாள் தமிழ்நிலா, கேட்காமலே. "இந்தக் கையால சோறு பிசைஞ்சு துன்னவே ஒரு வருசம் ஆவுமாம். பந்து புடிக்கிறதைப் பத்திக் கேட்டேன். பேச்சை மாத்திட்டாரு."

"பந்துக்குத்தான் இடது கை இருக்கே," என்றாள் ஸ்வர்ணலதா. சொல்லிக்கொண்டே மேஜை மேலிருந்த சாத்துக்குடியை எடுத்து, கட்டிலின் இடது பக்கமாக மெல்லப் போட்டாள்.

குழந்தைகூடப் பிடித்துவிடும். சித்தார்த்தனின் கை தாமதமாக எழுந்தது. பழம் உள்ளங்கையில் பட்டது. விரல்கள் மடங்கவில்லை. அது போர்வையில் உருண்டு தரையில் விழுந்தது.

"மருந்து மயக்கம் மேடம்," என்றான் அவன் அவசரமாக.

அன்வர் குனிந்து பழத்தை எடுத்தான். வாயில் ஏதோ வந்ததை விழுங்கிக்கொண்டான். அவன் விழுங்குவது அபூர்வம்.

ஸ்வர்ணலதா கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகளைப் பார்த்தாள். காய்த்துப்போய், தோல் வெடித்து, சொரசொரப்பாக இருந்தன. இடது கை நுனிகள் அப்படி இல்லை. மாதக்கணக்கில் வேலை பார்க்காத கையின் மிருதுவான தோல்.

"அடிச்சவங்களை அடையாளம் தெரிஞ்சுதா?"

"ஹெல்மெட்டு. மூஞ்சி தெரியல."

"ராஜரத்தினம் ஆளுங்கன்னு வெளியில பேசிக்கறாங்க."

"மொதலாளி இல்ல மேடம். அவரு மேல பழி போடாதீங்க."

"முகமே தெரியலை. அவர் ஆள் இல்லைன்னு மட்டும் எப்படித் தெரியும்?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தமிழ்நிலா அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தினமும் எத்தனை மணிக்குக் கிளம்புவார்?" ஸ்வர்ணலதா அவளிடம் கேட்டாள்.

"அஞ்சரைக்கெல்லாம் பைக்கை எடுத்துடுவாரு. கே.கே. நகர்ல ஒரு கிரவுண்டு. கேப்டன் வெங்கி அண்ணனும் இவரும் மட்டும்தான் ஆடுவாங்க. வேற யாரையும் சேத்துக்க மாட்டாங்க. அன்னிக்குன்னு பாத்து எங்க தெருவுல தண்ணி லாரி வந்துச்சு. நாலு நாளா தண்ணியே இல்ல. குடம் தூக்கிக் குடுத்துட்டு ஆறரைக்கு மேலதான் போனாரு." அவள் ஸ்பூனால் கஞ்சியைக் கிளறினாள். "இன்னும் கொஞ்ச நேரம் நிக்க வச்சிருந்தா, அவனுங்க போயிருப்பானுங்களோ என்னவோ."

ஸ்வர்ணலதா அவள் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கோட்டூர்புரம் பாலத்தில் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். கீழே ஆறு கறுப்பாக, நகராமல் கிடந்தது.

"அந்தப் பதிவுல ரெண்டு விஷயம் இருக்கு, அன்வர். ஒண்ணை நீ தப்புன்னு சொன்னே. அது தப்பில்லை."

"சோத்தாங்கை ஷூட்டிங் கைன்னதா?"

"அவரோட இடது கை செத்துப்போச்சு. நரம்புக் கோளாறா இருக்கலாம். ஒரு சாத்துக்குடியைப் பிடிக்க முடியலை. யாருக்கும் தெரியாம வலது கையால போட்டுப் பழகிக்கிட்டிருந்திருக்கார். விரலைப் பார்த்தியா? அந்த வலது கைதான் அவருக்கு மிச்சம் இருந்த ஒரே கை. அடிச்சவன் முட்டாள் இல்லை. எழுதினவனும் இல்லை."

அன்வர் விசில் அடிக்க உதட்டைக் குவித்து, அடிக்காமல் விட்டான். "ரெண்டாவது?"

"பதிவு வந்தது ஆறு நாலு. சித்தார்த்தன் வீட்டை விட்டுக் கிளம்பினதே ஆறரைக்கு மேல."

அவன் செல்போனை எடுத்துப் பார்த்தான். மறுபடி பார்த்தான். "அடி உழறதுக்கு முன்னாடியே செய்தி வந்துகீது."

"வழக்கமான நேரத்துக்குப் போயிருந்தா, ஆறு மணிக்கு எல்லாம் முடிஞ்சிருக்கும்னு ஒருத்தர் கணக்குப் போட்டிருக்கார். தண்ணி லாரி வரும்னு அவருக்குத் தெரியாது."

"மெட்ரோ வாட்டர்காரன் ஒரு தபா லேட்டா வந்து உருப்படியா ஒரு வேலை செஞ்சிகீறான்," என்றான் அன்வர். ஆனால் குரலில் கேலி இல்லை.

கே.கே. நகர் மைதானத்தில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வெங்கடேஷ் தனியாகப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தான். முப்பத்து நான்கு வயது. இரண்டு முழங்கால்களிலும் பட்டை. ஒவ்வொரு முறை குதித்து இறங்கும்போதும் முகம் சுளித்தது. பதினோரு வருடம் சூறாவளிக்கு ஆடியவன். விளம்பரப் பலகையில் எப்போதும் இரண்டாவது முகம்.

தான் யார் என்று ஸ்வர்ணலதா சொன்னதும் பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு மரியாதையாக வந்து நின்றான்.

"சித்து திரும்ப ஆடுவாரா?" என்று கேட்டாள்.

"கண்டிப்பா மேடம். அவன் லெஃப்ட் ஹேண்ட் பிளேயர். வலது கைதானே போயிருக்கு. வந்துடுவான்."

"அப்ப தினமும் விடியக்காலையில இங்க அவர் வலது கையால போட்ட பந்தையெல்லாம் யார் பொறுக்கிக் கொடுத்தது?"

பந்து அவன் கையிலிருந்து நழுவியது. அதை எடுக்க அவன் போகவில்லை. கூடைக் கம்பத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"அவன்தான் கேட்டான்," என்றான் கடைசியில்.

"என்ன கேட்டார்?"

"கையை உடைக்கச் சொல்லி. இடது கையை."

அன்வர் ஸ்வர்ணலதாவைத் திரும்பிப் பார்த்தான்.

"கழுத்து நரம்பு மேடம். போன சீசன்லேயே விரல் மரத்துப்போச்சு. புது ஒப்பந்தம்னா எந்த டீமா இருந்தாலும் முதல்ல மெடிக்கல் டெஸ்ட் எடுப்பாங்க. கோயம்புத்தூர் அள்ளித் தரும், கொச்சி கொட்டித் தரும்னு ஊரெல்லாம் பேசுது. இவன் எந்த டீம் டாக்டர்கிட்டயும் கை நீட்ட முடியாது. மாசக் கடைசி நெருங்க நெருங்கப் பித்துப் பிடிச்ச மாதிரி ஆயிட்டான். ஒப்பந்தம் முடியறதுக்குள்ள அடிபட்டா இன்சூரன்ஸ் வரும். எப்படியும் செத்த கை, உடைஞ்சா என்னன்னான். ஒரு வருஷம் சம்பளத்தோட வீட்டுல இருந்து வலது கையைத் தேத்திக்கிட்டு வந்துடுவேன், நீயும் டீம்ல இருப்பே, ரெண்டு பேருக்கும் நல்லதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான். நான் ஆள் பார்த்துக் கொடுத்தேன்."

"பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா விடுமா அது?"

"அப்புறம் வலது கை எப்படி உடைஞ்சுது?"

வெங்கடேஷின் கண்ணில் நீர் கட்டியது. "தப்பு நடந்து போச்சு. நான் இடதுன்னுதான் சொன்னேன். எதிர்ல நின்னு பார்க்கறவனுக்கு இடது வலது குழம்பாதா மேடம்? அந்தப் பசங்க குழப்பிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சித்து காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவனே என்னைத் தேத்தி அனுப்பினான்."

அழுகை நிஜம் போலவே இருந்தது. அன்வர்கூட அவன் தோள்மேல் கை வைக்கிற மாதிரி ஓரடி நகர்ந்தான். ஸ்வர்ணலதா நகரவில்லை.

"‘ஆறாவது ஆள்’ பக்கத்துக்குச் செய்தி கொடுக்கறது நீங்கதானே? வலது கைதான் ஷூட்டிங் கைன்னு தெரிஞ்சவங்க உலகத்துல ரெண்டே பேர். அதுல ஒருத்தர் ஆஸ்பத்திரியில கிடக்கறார்."

அவன் முழங்கால் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அந்தச் செய்தி வந்தப்ப சித்து வீட்டு வாசல்ல குடம் தூக்கிக்கிட்டிருந்தார். அடி அதுக்கப்புறம்தான் விழுந்தது. எதிர்ல நின்னு குழம்பறவன் அடிக்கும்போதுதான் குழம்புவான். உங்களுக்கு அடி விழறதுக்கு முன்னாடியே வலது கைன்னு தெரிஞ்சிருக்கு."

தூரத்தில் ஒரு ஆட்டோ இருமிக்கொண்டு போயிற்று. வெங்கடேஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்தபின் அந்த முகத்தில் அழுகை இல்லை. களைப்புதான் இருந்தது.

"இடது கையை உடைச்சிருந்தா எனக்கு ஒரு வருஷம் கிடைச்சிருக்கும்," என்றான். "ஒரே ஒரு வருஷம். அப்புறம் அவன் வலது கையோட வந்து நிப்பான். மறுபடி கேப்பு, மறுபடி என் பேரைத்தான் அடிப்பாங்க. நாலு மாசமா இங்க நின்னு அவன் போடற பந்தை எடுத்து எடுத்துக் கொடுத்தேன் மேடம். முதல்ல பத்துக்கு ஒண்ணு விழுந்தது. கடைசி வாரம் பத்துக்கு எட்டு. ஒவ்வொரு பந்து விழறப்பவும் என் பேர் மேல ஒரு கோடு விழற மாதிரி இருக்கும். சபாஷ்டா சித்துன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

"செய்தியை ஏன் அவ்வளவு அவசரமாக் கொடுத்தீங்க?"

"முதலாளி என் விடுதலைக் கடிதத்துல கையெழுத்துப் போடறதுக்குள்ள அவர் கண்ணுல படணும்." அவன் குனிந்து பந்தை எடுத்தான். "நீங்க கண்டுபிடிச்சது சரி. ஆனா ஒண்ணும் நடக்காது. சித்து போலீஸ்ல சொல்ல மாட்டான். சொன்னா அவனும் உள்ள. இன்சூரன்ஸும் போச்சு. இனிமே அந்தக் குடும்பத்துக்கு வேற வருமானம் எது?"

அதையும் அவன் முன்னமே யோசித்து வைத்திருந்தான் என்பது ஸ்வர்ணலதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பதினைந்து வருடம் கொலைகாரர்களின் விரல்களை மையில் உருட்டியவள். ஒரு பந்தைப் பிடித்திருந்த அந்தக் கைகளை அவளால் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியில் அன்வர் வண்டியை மெதுவாக ஓட்டினான். சைதாப்பேட்டை தாண்டியதும், "நான் வேணா வெளியவே நிக்கட்டா மேடம்?" என்று கேட்டான். அவள் வேண்டாமென்று தலையசைத்து அவனையும் உள்ளே அழைத்துப் போனாள்.

சித்தார்த்தன் அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். தமிழ்நிலாவைக் காட்டி, "அவ வெளிய போவட்டும்," என்றான்.

"நான் எங்கயும் போவல. இன்னா, சொல்லு."

அவனே சொன்னான். நரம்பு, டாக்டர், மாசக் கடைசி, இடது கை எல்லாவற்றையும், சுவரைப் பார்த்தபடி. தமிழ்நிலா நின்ற இடத்திலேயே நின்று கேட்டாள்.

"வெங்கி மேல தப்பில்ல மேடம்," என்று முடித்தான். "ஆளுங்க மாத்திட்டானுங்க. என் விதி. அவனை வுட்ருங்க. இங்க வந்து காலைப் புடிச்சுக்கினு அழுதான்."

ஸ்வர்ணலதா செல்போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். "நேரத்தைப் பாருங்க."

அவன் படித்தான். முதலில் புரியவில்லை. பிறகு உதடுகள் அசைந்து எதையோ கணக்கிட்டன: லாரி, குடங்கள், பைக், பாலம். பிறகு அசையவில்லை. உடைந்த கையைவிட அந்த முகத்தைப் பார்ப்பதுதான் கொடுமையாக இருந்தது. அன்வர் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பத்துக்கு எட்டு போட்டேன்," என்றான் சித்தார்த்தன் மெதுவாக. "அவன்தான் எண்ணிக்கினு இருந்தான்."

ஸ்வர்ணலதா செல்போனைக் கைப்பைக்குள் வைத்தாள். "நான் ராஜரத்தினத்துக்காக வந்தவ. அடிக்க வச்சது யாருன்னு அவர்கிட்ட சொல்லியாகணும். அதுக்கு மேல போலீசுக்குப் போறதா வேண்டாமாங்கிறது உங்க விருப்பம். போனா உங்க ஏற்பாடும் வெளிய வரும். பணமும் வராது. ஜெயில்கூட வரலாம்."

"வாணாம்," என்றான் அவன். "கொளந்தைங்க கீது. வாணாம் மேடம். அவன் ஆடட்டும்."

"ஆடட்டுமா?"

தமிழ்நிலாவின் குரல் உயரவே இல்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"மேடம், போலீசுக்கு எழுதணும்னா இன்னா எழுதணும்னு நீங்க சொல்லுங்க, நானே எழுதறேன். பத்தாவது வரைக்கும் படிச்சுகீறேன். வெங்கடேஷ் பேரை எழுதறேன். அந்தக் கம்பி எடுத்தவனுங்க பேரு தெரிஞ்சா சொல்லுங்க, அதையும் எழுதறேன்." புருஷன் பக்கம் கண்ணைத் திருப்பாமலே சொன்னாள். "இவரு பேரையும் எழுதறேன். உடைக்கச் சொன்னவரு இவருதானே."

"நிலா," என்றான் சித்தார்த்தன்.

"பணம் வராட்டி போவுது. எங்கம்மா மூணு வீட்டுல பாத்திரம் தேய்ச்சு எங்களை வளர்த்துது. எனக்கும் கை ரெண்டு கீது."

சொல்லிவிட்டு ஸ்டூலைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டு, அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அன்வரிடம் பேனா கேட்டாள்.